பியானோ வாசிப்பவருக்காகக் கணினி காத்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கச்சேரி மேடையில் பியானோவோடு கணினியும் சேருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஏதோ நேற்று முளைத்த புதுமை போல எழுதிவிட்டீர்கள். 1970-லேயே ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் தன் ‘மந்த்ரா’ என்ற படைப்பில் இரண்டு பியானோக்களின் ஒலியை மைக்கில் வாங்கி, ரிங் மாடுலேட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாக உருமாற்றி, வாசிக்கும்போதே ஸ்பீக்கரில் விட்டார்.

அந்தக் காலத்தில் முன்கூட்டியே பதிவு செய்த டேப்போடு சேர்ந்து வாசிப்பதும் இருந்தது. டேப் யாருக்காகவும் நிற்காது. ஒரு சுரத்தில் கொஞ்சம் இழைய வேண்டும் என்று கைக்குத் தோன்றினாலும் ஓடித்தான் ஆக வேண்டும். இதை மாற்றிய முயற்சிகளில் முக்கியமானது 1988-ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் மனூரி பியானோவுக்கும் கணினிக்குமாக எழுதிய ‘ப்ளூட்டோன்’. பாரிஸின் இர்காம் இசை ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் எழுதிய மாக்ஸ் மென்பொருள், எந்தக் கட்டை எவ்வளவு அழுத்தமாக விழுந்தது என்பதை மிடி வழியே (இசைக்கருவியும் கணினியும் எண்களாகப் பேசிக்கொள்ளும் முறை) வாங்கிக்கொண்டு, வாசிப்பவர் பின்னாலேயே வந்தது. இத்தனைக்குப் பிறகும் காதில் தாளம் எண்ணும் மெட்ரோனோம் டிக்கை மாட்டிக்கொண்டு, முன்பே பதிவு செய்த டிராக்குக்கு வாசிப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம், ஸ்பீக்கர். கை நடு மேடையில் ஓடுகிறது, ஒலியோ எங்கோ ஓரத்தில் தொங்கும் பெட்டியிலிருந்து வருகிறது. பத்து மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால், ஒலி வாசிப்பவர் காதுக்குத் திரும்பவே ஏறத்தாழ 30 மில்லிசெகண்ட் ஆகும், கணினி எடுத்துக்கொள்ளும் தாமதம் தனி. ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பியானோவுக்கு அடியில், ஒலிப்பலகையைப் பார்த்து வையுங்கள், இரண்டு ஒலியும் ஒரே இடத்தில் பிறந்தது போலக் கலந்துவிடும். ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து ஊளையிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கட்டைகளுக்கு அடியில் உள்ள சென்சாரிலிருந்து தகவலை எடுத்தால் ஊளைக்கு வேலையே இல்லை. அதற்காக மைக்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெடலை மிதித்ததும் அடிக்காத தந்திகளும் சேர்ந்து முனகுமே, அந்த அழகு மிடி அனுப்பும் 127 வரையிலான எண்களில் எங்கே இருக்கிறது?

ஒரு வேண்டுகோள். அரங்கின் நடுவில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் கவனித்துக் கணினியை ஓட்டுபவரும் வாசிப்பவர்தான். அடுத்த முறை விமர்சனத்தில் அவர் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்