தச்சுக் கொட்டகை: இயந்திரத்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டக் கொட்டகையை வீட்டுத் தச்சுப் பட்டறையாக மாற்றுவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, இயந்திரங்களின் பட்டியலோடு முடிந்துவிட்டது. ஈரம் கசியும் கொட்டகையில் எவ்வளவு நல்ல ரம்பமானாலும் இழைப்புளியானாலும் துருப்பிடிக்கும். காய்ந்த மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். செய்த இழுப்பறை வீட்டுக்குள் வந்ததும் சுருங்கி ஆடும். ஆகவே கையில் இருக்கும் பணம் முதலில் தரைக்கும் மின்சாரத்துக்கும் மேசைக்கும் போகட்டும்.

சிமென்ட் தரை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மண்ணின் ஈரம் அதன் வழியாக ஏறலாம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்துமுத்தாகப் படிந்திருந்தால், அல்லது அந்த இடம் கறுத்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். அப்படியானால் 200 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் தாளை ஒரே விரிப்பாக விரித்து, ஓரங்களைச் சுவரில் நான்கு அங்குலம் ஏற்றுங்கள். அதன்மேல் ரீப்பர்கள் (மரச் சட்டங்கள்), ரீப்பர்மேல் 18 மி.மீ. பிளைவுட். ரீப்பரைத் தரையோடு ஆணியடித்துப் பிடிக்காதீர்கள்; தாள் கிழிந்தால் அத்தனையும் வீண். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பிளைவுட் விரியும்போது நடுவில் தூக்கிக்கொள்ளும். கைதவறி விழும் உளியின் முனையும் மரத்தரையில் பெரும்பாலும் தப்பும்.

தகரக் கூரையானால் குளிர்ந்த இரவில் உள்பக்கம் வேர்த்துச் சொட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று கீழே, ஒன்று மேலே காற்றுத் துளைகள் வேண்டும்.

மின்சாரத்தை வீட்டிலிருந்து நீட்டிப்பு வயரில் இழுப்பது பெரிய தவறு. நீளமான மெல்லிய வயரில் மின்னழுத்தம் இறங்கும். மோட்டார் திணறிச் சூடாகும். சுருளாகவே விட்ட வயர் தானும் சூடேறி உருகலாம். தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பு, தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் போடச் செய்யுங்கள்.

மேசைக்கு அளவு உங்கள் உடம்புதான். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்குங்கள்; அந்த உயரம் இழைப்புக்குச் சரி. மேற்பலகை மூன்று அங்குலக் கனம் இருந்தால் நல்லது. இழைக்கும்போது ஆடும் மேசையில் எந்தப் பலகையும் மட்டமாக வராது. எடை போதவில்லை என்றால் அடித்தட்டில் மணல் மூட்டை வையுங்கள்.

எட்டுக்குப் பத்தடிக் கொட்டகையில் மேசை ரம்பம் (மேசையில் பதித்த வட்ட ரம்பம்; பலகையைத் தள்ளி அறுப்பது) வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன். எட்டடி பிளைவுட்டை நீளவாட்டில் அறுக்க ரம்பத்துக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி வேண்டும். முழு பிளைவுட்டை வெளியே தெர்மகோல் பலகைமேல் கிடத்தி, கை வட்ட ரம்பத்தின் பல்லைப் பிளைவுட்டின் கனத்தைவிட 5 மி.மீ. மட்டும் கூடுதலாக இறக்கி அறுத்து, துண்டுகளை உள்ளே கொண்டு வரலாம்.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 1995-ல் வகைப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். பெருக்கினால் மறுபடி எழும்பும். தூள் உறிஞ்சியை, தூள் வெளிவரும் இயந்திரத்தின் வாயிலேயே பொருத்துங்கள். என்95 முகக்கவசத்தை இயந்திரம் நின்றவுடன் கழற்றாதீர்கள்.

கட்டுரையில் மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் சொல்லியிருந்தார்கள். துடைத்த துணியை என்ன செய்வது என்று சொல்லவில்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு வினைபுரிந்து வெப்பம் வெளியிடும். கசக்கிப் போட்ட துணியில் வெப்பம் வெளியேற வழியில்லை. சில மணி நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கலாம். மரத்தூள் கிடக்கும் கொட்டகையில் இது உயிர்ப் பிரச்சினை. துணியை வெளியில் ஒற்றையாக விரித்து விறைப்பாகும்வரை காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வைக்க வேண்டும். இதை மட்டுமாவது அடுத்த இணைப்பில் தனிக் கட்டமிட்டு வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தச்சுப் பயிற்றுநர்