தெற்கே ஆடும் மகளுக்கு

அன்பு மகளே,

கல்லறை துப்புரவு செய்யும் சிங்மிங் நாள் அன்று தம்பிதான் வந்து அப்பாவின் கல்லறையில் புல் செதுக்கினான். உன்னைக் குறை சொல்லவில்லை. அப்பா லாரி ஓட்டிய காலத்தில் எந்தச் சிங்மிங்குக்கு நாம் ஊரில் இருந்தோம்? நம் ஊர் இலானில் மழை இன்னும் விடவில்லை.

சியாயி கோயிலில் நீங்கள் ஆடிய நம் தைவான் இசை நாடகத்தை யாரோ போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ராஜபார்ட் நடை அப்படியே அம்மாச்சியுடையது. குதிரை ஏறும்போது இடது தோளைச் சரிக்கிறாயே, அது யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. சிரட்டைப் பிடிலின் சுருதி ஏன் அவ்வளவு இறங்கியிருந்தது? முதல் ஏழெழுத்து மெட்டிலேயே தெரிந்துவிட்டது. பிடில்காரருக்கு வயதாகிறது போலும். அவரை வெந்நீர் குடிக்கச் சொல். கூடவே நீயும் குடி. ஐஸ் போட்ட தேநீரை அவர் தொடவே கூடாது.

கடல் தெய்வம் மாஜு அம்மனின் பிறந்தநாள் சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் 23. அதுவரை மதியம் ஓர் ஆட்டம், இரவு ஓர் ஆட்டம், அதற்கு முன்னால் தேவர் வேடம் கட்டி வாழ்த்து. இந்த மாதம் சம்பாதித்தால்தான் உண்டு, எனக்குத் தெரியாதா? ஆனால் கோயில் வாசல் ஆட்டத்தில் வசனப் புத்தகம் இல்லை என்பது எவ்வளவு நல்லது, யோசித்துப் பார். வாத்தியார் கதையைச் சொல்லி, யார் எப்போது நுழைவது என்று பிரித்துவிட்டால் மிச்சமெல்லாம் நம் பாடு. நாலு வரி குறைந்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அழுகை மெட்டை எல்லாம் ஸ்திரீபார்ட்காரியிடம் தள்ளிவிடு. துமா மெட்டு பேச்சோடு பேச்சாகப் போகும், அதை மட்டும் வைத்துக்கொள். இரவில் மினுமினுப்புச் சட்டையும் ஜப்பானிய வாளும் இருக்கவே இருக்கின்றன, சண்டையை நீட்டு. வெந்நீரை மறக்காதே.

அம்மாச்சியை மூன்று வருடம் நாலு மாதத்துக்குக் குழுவிடம் எழுதிக் கொடுத்தார்கள். தொண்டை கட்டினாலும் பாட வேண்டும், இல்லாவிட்டால் பிரம்பு. உன்னை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நீயாகத்தான் கணக்கு வேலையை உதறிவிட்டு மேடை ஏறினாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தாலும் ஏறியிருப்பாய், அது வேறு விஷயம். அம்மாச்சியின் வாளை நான் உனக்கென்றுதான் வைத்திருந்தேன்.

1962இல் தொலைக்காட்சி வந்தது. கொட்டகைகள் ஒவ்வொன்றாய்ச் சினிமாவுக்குப் போயின. நம் இலான் பெண் யாங் லி-ஹுவா பெட்டிக்குள் ராஜபார்ட் ஆட, ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் கோயில் வாசலில், தெய்வத்துக்கும் நாலு கிழவிகளுக்கும் ஆடினோம். பிறகு நாடாக் குழுக்கள் முளைத்தன. யாரோ பாடிய ஒலிநாடாவை ஓடவிட்டு, மேடையில் நிற்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார மாட்டேன் என்று நான் சொன்னது உங்கள் குழுவில் இன்றும் கதையாக ஓடுகிறதாம்.

ஓடட்டும். உங்கள் தலைவி பாட்டைப் பதிவு செய்து போடலாம் என்றால் சரி என்று சொல். நீ வாயை அசை. ஐந்தாம் மாதம்வரை அசை. நான் பார்க்க வர மாட்டேன், யாரிடமும் வாய் திறக்கவும் மாட்டேன்.

லுவோதோங்கில் தம்பி போகும் தொண்டை டாக்டர் வியாழக்கிழமைதோறும் வருகிறார். 23 முடிந்ததும் பிடில்காரரை அழைத்துக்கொண்டு வா. அவருக்குத் தனியாக வரக் கூச்சமாக இருக்கும்.

தேனில் ஊறிய கும்குவாட் குட்டி ஆரஞ்சு இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் அவர் பெயரை எழுதியிருக்கிறேன். கொடுத்துவிடாதே, இரண்டும் உனக்குத்தான்.

அம்மா