சேலத்தில் எடுத்த படங்கள் உங்கள் பட்டியலில் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், மழை ராத்திரியில் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க, அதிகம் பேருக்குத் தெரியாத படங்கள் என்று நான்கு பக்கம் வந்திருந்தது. வெளிநாட்டுப் படங்களைப் பற்றி எழுதியதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டைப் பார்க்க வேண்டும் என்று குறித்தும் வைத்துக்கொண்டேன். ஆனால் நடுவில் ஒரு வரி வந்தது. அறுபதுகளுக்கு முந்திய தமிழில் 'அந்த நாள்' ஒன்றை விட்டால், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிற மாதிரி துப்பறியும் படமே கிடையாதாம். அதோடு இதழை மூடி வைத்துவிட்டேன். எழுதியவர் இளைஞராக இருக்கலாம், அவர் மேல் கோபம் இல்லை. எல்லாம் தெரிந்த நீங்கள் அந்த வரியை எப்படி அச்சேற விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

'அந்த நாள்' நல்ல படம், மறுக்கவில்லை. 1954இல் பாட்டே இல்லாமல் ஒரு தமிழ்ப் படம் எடுக்க எஸ். பாலசந்தருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! ஆனால் அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1950இல், எங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் டி.ஆர். சுந்தரம் 'திகம்பர சாமியார்' எடுத்துவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். கதாநாயகன் எம்.என். நம்பியார். ஆமாம், பிற்காலத்தில் கையைப் பிசைந்துகொண்டே எம்.ஜி.ஆரை முறைத்த அதே நம்பியார், இதில் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி ஒரு பொல்லாத வக்கீலின் சூழ்ச்சியை உடைக்கிறார்.

போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு ராத்திரி, கல்லூரியில் படிக்கும் என் பேத்தியை உட்கார வைத்து இந்தப் படத்தைப் போட்டேன். இணையத்தில் கிடைத்த பிரதி சுமார்தான். படம் முழுக்கக் கோடு, போதாததற்கு யாரோ ஒருவருடைய முத்திரை திரையின் ஓரத்தில். முதல் கால் மணி நேரம் ஒரு கண் கைபேசியில்தான் இருந்தது. நம்பியார் மூன்றாவது முறை வேறு ஆளாக வந்து நின்றபோது, "அம்மாயி, இதுவும் அவரேதானா?" என்றாள். கைபேசி கவிழ்ந்து போர்வைக்குள் போனது. பாட்டு வந்த இடங்களில் ஓட்டிவிடச் சொன்னாள், சரி என்று ஓட்டிவிட்டேன். கதை வந்த இடத்தில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பழைய படம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது என்றும் அதே கட்டுரையில் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

இந்த ஒரு வரியோடு போயிருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். உங்கள் பத்திரிகையில் சினிமா என்றாலே கோடம்பாக்கம்தான். சேலம் என்றால் மாம்பழம், உருக்காலை, வெயில். 1937இல் 'சதி அகல்யா' எடுத்த இடம் சேலம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் வந்தது இந்த ஸ்டுடியோவிலிருந்து. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கேதான் எடுத்தார்கள். இதையெல்லாம் உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே! இரண்டு வருஷத்துக்கு முன், இதே ஸ்டுடியோவின் 'மந்திரிகுமாரி' பற்றி வந்த கட்டுரையில், 'வாராய் நீ வாராய்' காட்சிப் படத்துக்குக் கீழே ஊட்டி என்று போட்டிருந்தீர்கள். அது ஏற்காடு. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். வரவும் இல்லை, திருத்தமும் இல்லை.

என் அப்பா அந்த ஸ்டுடியோவில் செட் போடும் தச்சர். அரண்மனைத் தூண் ஒன்றைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் சட்டமும் சாக்கும்தான் இருக்கும், வெளியே சாந்து பூசிச் சாயம் அடித்துவிட்டால் பளிங்கு என்பார். எவ்வளவு பெரிய நடிகரானாலும் முதலாளி சொன்ன நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பதைப் பெருமையாகச் சொல்வார். இன்று ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன எடுத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பத்திரிகைகள் எழுதினால்தானே தெரியும்?

அந்த வளைவுக்குள் எடுத்ததில் ராத்திரிக்கு ஏற்ற படங்கள் இன்னும் உண்டு. 'வல்லவனுக்கு வல்லவன்' 1965இல் வந்தது. நாம் வில்லனாகவே பார்த்துப் பழகிய அசோகன்தான் நாயகன், ஜெமினி கணேசன் கௌரவ வேடம். 'ஓராயிரம் பார்வையிலே' பாட்டைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள், திரையில் அதற்கு வாயசைத்தவர் அசோகன் என்றால் நம்புகிறவர்கள் குறைவு. மனோரமா கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' 1963. அவர் மறைந்தபோது நீங்கள் போட்ட சிறப்பிதழில்கூட இந்தப் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. 'வல்லவன் ஒருவன்' என்றால் 'பளிங்கினால் ஒரு மாளிகை' பாட்டு மட்டும் நினைவில் இருக்கிறது, ஜெய்சங்கரின் துப்பறிவை யாரும் பேசுவதில்லை. இன்னும் பழையது வேண்டுமென்றால் 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தமபுத்திரன்'. ஒலி மிகவும் மங்கல், வசனத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அதனால் முதல் படமாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது 1953இல் வந்த 'திரும்பிப்பார்'. நாயகன் அயோக்கியனாக இருக்கும் படத்தில் சிவாஜி அத்தனை இளமையிலேயே நடித்திருக்கிறார். பண்டரிபாய் அக்காவாக வந்து தம்பியைத் திருத்தப் பாடுபடுவதைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. கருணாநிதியின் வசனம் வேறு.

தொலைக்காட்சியில் இவற்றை எப்போதாவது போட்டாலும் மத்தியான வேளையில், விளம்பரத்துக்கு நடுவே, துண்டு துண்டாகப் போடுகிறார்கள். ஆகவே மக்கள் பார்க்கவில்லை என்று மக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பெயரே தெரியாத படத்தை யார் தேடுவார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்கி இந்தப் படங்களின் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். பக்கத்தில் மறக்காமல் சேலம் என்று போடுங்கள். அந்த ஏற்காடு திருத்தத்தையும் அப்படியே சேர்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.