செயலாளரின் ஆண்டறிக்கை: காடும் கடற்காற்றும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம் மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி நடந்ததால் அதையே விரிவாகச் சொல்கிறேன்: வெப்பமண்டலக் கடலோரத்தில் காடு அழிந்தால் மழைக்கு என்ன ஆகும்?

பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகிறது. அங்கே காற்று மேலெழ, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. காடு இருந்தால் வெயிலின் பெரும்பகுதி இலைகளின் நீராவிப்போக்கில் செலவாகும். தரை குளிர்ந்திருக்கும், வரும் காற்றுக்கும் ஈரம் சேரும். காடு போனால் தரை கொதிக்கும். கடற்காற்று வலுக்கவும் கூடும். "காற்று வலுத்தால் மழையும் கூடத்தானே வேண்டும்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அருமையான கேள்வி, அன்றைய கூட்டம் முழுவதும் அதிலேயே போனது. காற்று சூடாகவும் வறண்டும் இருந்தால், இன்னும் உயரம் ஏறிய பிறகே அதன் ஈரம் மேகமாகும். மேகத்தின் அடிமட்டம் மேலே போய்விடும். அதனால் காற்று வலுத்தாலும் மழை கூட வேண்டும் என்பதில்லை.

கோஸ்டாரிகாவின் மொன்டேவெர்டே மேகக்காடு இதற்குச் சான்று. அது மேகங்கள் தவழ்ந்து நனைக்கும், பாதுகாக்கப்பட்ட மலைக்காடு. மரங்கள் வெட்டப்பட்டதோ கரீபியக் கடல் பக்கத்துத் தாழ்நிலத்தில். அந்தத் தாழ்நிலத்தைக் கடந்து வரும் காற்றில் மேகம் உயரத்தில் உருவாவதால் மலைக்காடு நனைவது குறைகிறது என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டுவது ஓரிடம், இழப்பது வேறிடம். என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

எதிர்வாதத்தையும் விடவில்லை. பிரேசிலின் ரோன்டோனியா மாநிலத்தில் சிறு சிறு வெட்டவெளிகளின் மேல் மேகம் கூடுதலாகத் திரள்வதைச் செயற்கைக்கோள்கள் கண்டன. ஆனால் அழிவின் பரப்பு பெருகும்போது மழைக் குறைவும் பெருகுகிறது என்பதை வெப்பமண்டலம் முழுவதற்குமான 2023ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. அடர்ந்த காட்டைக் கடந்து வந்த காற்று, பசுமை குறைந்த நிலத்தைக் கடந்து வந்ததைவிட இரண்டு மடங்காவது மழை தருகிறது என்ற 2012ஆம் ஆண்டு முடிவும் இதோடு பொருந்துகிறது. தென்கிழக்கு ஆசியாவின் போர்னியோ தீவு 1973 முதல் 2010 வரை ஏறக்குறைய 30 சதவீதக் காட்டை இழந்தது. அங்கே காடு அதிகம் அழிந்த ஆற்றுப்படுகைகளில்தான் மழையும் அதிகம் குறைந்தது.

நமது புதிய துண்டறிக்கையில் "மரம் நட்டால் மழை வரும்" என்று எழுத வேண்டாம் எனச் செயற்குழு முடிவெடுத்தது. நான்கு கன்றுகள் நட்டு மழையை எதிர்பார்க்க முடியாது. நிற்கும் பெருங்காட்டைக் காப்பதே முதல் வேலை. காடு எங்கே அழிகிறது என்பதோடு, காற்று அங்கிருந்து எத்திசையில் போகிறது என்பதையும் படமாகத் தர விரும்புகிறோம். வரைவு உங்கள் கையில் இருக்கிறது. திருத்தங்களைச் சொல்லி, பொதுக்குழு ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்