வெள்ளிக்கிழமை ஓவலில் சந்திப்போம்!

நண்பர்களே, ஒருவழியாக ஏப்ரல் வந்துவிட்டது! இங்கிலாந்தின் நாலு நாள் கிரிக்கெட் தொடரான கவுண்ட்டி சாம்பியன்ஷிப் இந்த வெள்ளிக்கிழமை ஆரம்பம். நம் சர்ரே அணிக்கு லண்டன் ஓவல் மைதானத்திலேயே ஆட்டம், 11 மணிக்கு முதல் பந்து. ஓவல் டியூப் ஸ்டேஷன் வாசலில் 10:15க்கு வந்துவிடுங்கள்.

ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஃபிளாஸ்கில் டீ கட்டாயம். வெயில் அடிக்கிறதே என்று நம்பி வந்தால் மதியத்துக்குள் விரல் விறைத்துவிடும். ஆனால் அந்தக் குளிரில்தானே இங்கிலாந்தில் ஆடும் டியூக்ஸ் வகைப் பந்து இப்படியும் அப்படியும் வளைந்து ஆட்டம் காட்டும்! முதல் ஒரு மணி நேரம் ஓப்பனர்கள் படும் பாட்டைப் பார்க்கவே நான் வருகிறேன். டி20 எல்லாம் அப்புறம்.

"நாலு நாள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கும் புது உறுப்பினர்களுக்கு: 2021 ஜூலையில் இதே மைதானத்தில் சர்ரேக்காக ஆடிய நம்ம அஸ்வின் 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். எதிரணி சோமர்செட் 69க்குச் சுருண்டது. அப்படியும் ஆட்டம் டிரா! இந்தக் கூத்து வேறெங்கே கிடைக்கும்?

வர முடியாதவர்கள் யூடியூப் நேரலையில் பார்க்கலாம். வருகிறவர்கள் புதன் இரவுக்குள் கை தூக்குங்கள். புளியோதரை என் பொறுப்பு, வடை யார்?