சிறிய அலைக் கரைகளுக்கு முன்னறிவிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கோடை முடியும் வாரங்களில், அதாவது வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும், தெற்கே பிப்ரவரி கடைசியும் மார்ச்சும், அலை குறைந்த கரைகளுக்கு, அலைச்சறுக்குவோருக்காக நீங்கள் எழுதும் முன்னறிவிப்பு அநேகமாக ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "0.6 மீட்டர், சுமாரான அலை." மறுநாளும் அதே வரி. அதில் தவறு இல்லை. ஆனால் விடியலில் அலைச்சறுக்குப் போர்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாமா, பத்து மணிக்குப் போனால் போதுமா, போகவே வேண்டாமா என்று அதை வைத்து யாராலும் முடிவெடுக்க முடியாது.

நல்ல அலைக் கரைக்கு நாளுக்கு ஓர் எண் போதும். எப்போது இறங்கினாலும் ஏதாவது கிடைக்கும். மோசமான கரையில் நல்ல பொழுது என்பது ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. காற்றும் நீர்மட்டமும் ஒத்துவந்தால்தான் அதுவும். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்தக் கரைகளுக்கு மணிக்கணக்கில் எழுதுங்கள். அந்த மணி ஏன் நல்லது, அதற்கு முன்னும் பின்னும் எது கெடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் அந்த உயர எண்ணைப் பார்ப்போம். நீங்கள் தருவது வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இரண்டாம் உலகப்போரின்போது, படைகள் கரையில் இறங்க ஏற்ற கடல் எப்போது வாய்க்கும் என்று கணிக்கக் கடலியலாளர்கள் ஹாரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்டர் மங்க்கும் வகுத்த முறையிலிருந்து வந்த அளவு அது. படகுக்குப் பொருந்திய அந்த அளவு போர்டுக்கு அப்படியே பொருந்தாது. தொலைவில் பிறந்து பயணித்து வரும் அலையான ஸ்வெல்லும் பக்கத்துக் காற்று கிளப்பிய குட்டை அலையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. உயரங்களை நேரடியாகக் கூட்டுவதில்லை, அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். 0.6 மீட்டர் ஸ்வெல்லும் 0.8 மீட்டர் காற்றலையும் சேர்ந்தால் 1.4 ஆகாது, சரியாக 1 மீட்டர். "1 மீட்டர்" என்று படித்தவர் கரைக்கு வந்து பார்த்தால் கலங்கிய கடல். காற்றலை அடங்கிய மறுநாள் "0.6" என்று படித்துவிட்டு அவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அன்றுதான் அலை சுத்தமாக வந்திருக்கும். ஸ்வெல்லையும் காற்றலையையும் தனித்தனி எண்களாகக் கொடுங்கள். கணினியில் அலையைக் கணிக்கும் உங்கள் மாதிரி (மாடல்) ஏற்கெனவே அவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

அலை இடைவெளியை, அதாவது இரண்டு முகடுகளுக்கு இடையிலான நொடிகளை, ஒவ்வொன்றோடும் சேர்த்துத் தாருங்கள். ஆழ்கடலில் அதே 0.6 மீட்டர் இருந்தாலும், 6 நொடி அலை நேராகக் கரைக்கு வந்து உடையும்போது சுமார் 0.85 மீட்டர் உயரும், 14 நொடி அலை சுமார் 1.2 மீட்டர் உயரும். ஒன்று இடுப்பளவு, மற்றொன்று மார்பளவு. மிதவைகளின் அளவீட்டை எடுத்தாளும்போது அது சராசரி இடைவெளியா, ஆற்றல் மிகுந்த அலையின் இடைவெளியா என்றும் சொல்லிவிடுங்கள். ஒரே கடலுக்கு முன்னது 5 நொடி, பின்னது 11 நொடி என்று வருவது சாதாரணம்.

ஆனால் "நீண்ட இடைவெளி என்றால் நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. மோசமான கரைகளில் முன்னறிவிப்பு அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ஒரு காரணம் கடலடி. அலை தன் நீளத்தில் பாதி ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கும். 14 நொடி அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 306 மீட்டர். ஆகவே 150 மீட்டர் ஆழத்திலிருந்தே அது தரையைத் தடவிக்கொண்டு வருகிறது. 6 நொடி அலைக்கு அந்த ஆழம் வெறும் 28 மீட்டர். கரைக்கு முன்னால் ஆழம் குறைந்த அகலமான கண்டத்திட்டு கிடந்தால், நீண்ட அலைதான் வழியில் அதிகம் தேயும், அதிகம் வளையும். பல கரைகள் மோசமாக இருப்பதே இதனால்தான். மேலே சொன்ன 1.2 மீட்டர் அங்கே வந்து சேராது.

இன்னொரு காரணம் மணல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோடை இறுதி முன்னறிவிப்புகளில் மணலைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. குளிர்காலப் புயலலைகள் கரை மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டுகளாகக் குவிக்கின்றன. கோடையின் சின்ன அலைகள் அதே மணலை மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைக்குத் திருப்பித் தள்ளுகின்றன. கோடை முடியும்போது திட்டு கரையோடு ஒட்டியிருக்கும், அல்லது தட்டையாகிவிட்டிருக்கும். நீரோரச் சரிவு செங்குத்தாகியிருக்கும். அலையை ஓரிடத்தில் உடையத் தொடங்கவைத்துப் பக்கவாட்டில் உரித்துக்கொண்டு போகவைப்பது திட்டுதான். திட்டு இல்லாத கரைக்கு 14 நொடி ஸ்வெல் வந்தால், நீளமான நேர்கோடாக வந்து ஒரே சமயத்தில் முழுவதும் மடிந்து விழும். ஏறி நின்றால் போக வழியிருக்காது. அதே கரையில் 9, 10 நொடி ஸ்வெல் சற்றுக் கோணலாக வந்து, அதன் மேல் வேறு திசையிலிருந்து ஒரு சின்னக் காற்றலை குறுக்கே சேர்ந்தால், கோடு உடைந்து ஆங்காங்கே கூம்பு எழும். அந்தக் கூம்பின் தோளில்தான் இந்தக் கரைகளின் நல்ல அலைகள் பிறக்கின்றன. எண்களை மட்டும் பார்த்தால் 14 நொடி நாளுக்கு அதிக மதிப்பெண் விழும். மணலைப் பார்த்தவர் 9, 10 நொடி நாளைத்தான் சொல்வார்.

ஆகவே வாரத்துக்கு ஒருமுறையாவது நீர் வற்றிய நேரத்தில் கரையை ஒருவர் பார்த்து, திட்டு எங்கே இருக்கிறது, கரையோடு ஒட்டிவிட்டதா, இடையில் நீர் வெளியேறும் பள்ளம் எங்கே என்று இரண்டு வரி எழுதட்டும். வேவ்வாட்ச் 3 போன்ற உலகளாவிய மாதிரியின் கட்டம் கிலோமீட்டர் கணக்கில் அகலமானது. திட்டு மீட்டர் கணக்கில் நகர்வது. கரையோரத்துக்கென டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்வான் போன்ற மாதிரிகூட நீங்கள் கொடுக்கும் கடலடி வரைபடத்தைத்தான் நம்பும். போன வருட வரைபடம் இந்த வாரத் திட்டைச் சொல்லாது.

இனி நீர்மட்டம். தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வரும்போது அலை உடைகிறது. 0.6 மீட்டர் அலைக்கு அது சுமார் 0.8 மீட்டர். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் உள்ள இடத்தில், நடுவிலுள்ள இரண்டு மணி நேரமும் நீர் மணிக்கு 0.75 மீட்டர் ஏறுகிறது. ஆக, திட்டின் மேல் அழகாக உடைந்துகொண்டிருந்த அலை ஒரே மணி நேரத்தில் உடையாமலே அதைக் கடந்து, நேராகக் கரையடியில் போய் அறையும். இரண்டு மீட்டர் அலை வரும் கரைக்கு இது பெரிய சேதி இல்லை. சின்ன அலைக்கு இதுதான் எல்லாமே. (ஏற்றவற்ற வித்தியாசம் அரை மீட்டருக்கும் குறைவான கடல்களுக்கு இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.)

கோடை இறுதி சம இரவு பகல் நாளை நெருங்கும் காலமாதலால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஏற்றவற்றம் வருடத்திலேயே பெரிய அளவுக்குப் போகும். அந்த நாட்களில் நல்ல பொழுது இன்னும் சுருங்கும். அதிலிருந்து ஒரு வாரம் தள்ளி, வித்தியாசம் குறைந்த நாட்களில், அதே அலை இரண்டு மடங்கு நேரம் ஓடும். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால் ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் புரண்டுவிடும். நாளில் இரண்டு ஏற்றம் உள்ள கரைகளில், இந்தச் சனி காலை 7 மணிக்கு நீர் ஏறிக்கொண்டிருந்தால் அடுத்த சனி அதே 7 மணிக்கு வடிந்துகொண்டிருக்கும். "போன வாரம் நன்றாக இருந்ததே" என்று வருபவர் ஏமாறுவது இதனால்தான். ஒரு வரியில் நினைவூட்டிவிடலாம்.

காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான். பகலில் நிலம் சூடேறி, முற்பகலில் கடற்காற்று தொடங்கும். மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வந்தாலே ஆங்காங்கே வெள்ளை நுரை தெரியும், சின்ன அலைக்கு அதுவே முடிவு. ஆனால் கோடை இறுதியில் கடல்நீர் அந்த வருடத்தின் உச்ச வெப்பத்தை நெருங்கியிருப்பதால், நிலத்துக்கும் நீருக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் குறைந்திருக்கும். கடற்காற்று தாமதமாகவும் மெலிந்தும் எழும் நாட்கள் கூடும். காலைப் பொழுது நீள்கிறது என்ற இந்த நல்ல சேதியை யாரும் எழுதுவதில்லை. அந்திக்குக் காற்று விழுந்த பின் ஒரு மணி நேரம் மிச்சக் காற்றலை வழுவழுப்பாக வருவதையும் எழுதலாம். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றை எப்போதும் "நல்லது" என்று குறிப்பதும் சரியில்லை. அது 25 கிலோமீட்டரைத் தாண்டினால், அரை மீட்டர் அலையில் போர்டை உள்ளே இறக்கவே விடாது. புதியவர்களை உள்கடலுக்கும் தள்ளிவிடும்.

தொலைவுப் புயல்கள் அலை அனுப்பும் பருவமும் இதுதான். இங்கே உங்கள் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள். 2,000 கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த 14 நொடி ஸ்வெல் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் நகர்ந்து 51 மணி நேரத்தில் வரும். அதே புயலின் 10 நொடி அலைகள் 28 கிலோமீட்டர் வேகத்தில் 71 மணி நேரம் எடுக்கும். புயல் வீசி முடிந்துவிட்டதென்றால் ஸ்வெல் ஏறக்குறைய உறுதி, எஞ்சியிருப்பது பயணக் கணக்கு மட்டுமே. புயலே இன்னும் பிறக்காமல் மாதிரியில் மட்டும் இருந்தால் அது ஊகம். இரண்டையும் ஒரே எழுத்தில், ஒரே வண்ணத்தில் ஏழாம் நாள் கட்டத்தில் போடாதீர்கள். "புயல் முடிந்தது" அல்லது "புயல் இன்னும் உருவாகவில்லை" என்ற இரண்டு மூன்று சொற்கள் போதும்.

முதலில் வரும் நீண்ட அலைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அவை பத்துப் பதினைந்து நிமிடம் கடலைக் குளம்போல் கிடத்திவிட்டுத் திடீரென்று நான்கைந்தாகச் சேர்ந்து வரும். கரையில் குளிப்பவர்கள் நிறைந்திருக்கும் காலம் இது. செங்குத்தான நீரோரத்தில் ஏற்ற நேரத்தில் அறையும் அலை கழுத்தையும் முதுகெலும்பையும் முறிக்கும். நீர் வற்றும்போது பள்ளத்தின் வழியே வெளியே இழுக்கும் ரிப் நீரோட்டம் வலுக்கும். அலைச்சறுக்குக்கு மோசம் என்று நீங்கள் எழுதும் நாள் குளிப்பவர்களுக்குப் பாதுகாப்பான நாள் என்று படிக்கப்படுகிறது. தயவுசெய்து இதைத் தனி வரியாக எழுதுங்கள்.

உலகத்துக்கெல்லாம் ஒரே அளவுகோல் வைத்தால் இந்தக் கரைகள் கோடை முழுக்க "மோசம்" என்ற சிவப்பாகவே இருக்கும். மூன்று வாரம் சிவப்பைப் பார்த்தவர் நான்காம் வாரம் திறந்தே பார்க்க மாட்டார். கரையை அதன் சொந்த வரம்போடு ஒப்பிட்டு மதிப்பிடுங்கள். உயரத்தை அலையின் முன்பக்கத்துக்கு, முழங்கால், இடுப்பு, மார்பு என்று சொல்லுங்கள்.

நாங்கள் எதிர்பார்ப்பது எப்படியிருக்கும் என்று ஒரு மாதிரி (பாகை என்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் திசை, செட் என்பது சேர்ந்து வரும் பெரிய அலைகள்):

"கரை 110 பாகை நோக்கியது. சனி: ஸ்வெல் 0.5 மீட்டர், 11 நொடி, 130 பாகையிலிருந்து. காலையில் காற்றலை இல்லை. இடுப்பளவு, செட்டில் மார்பளவு. வற்றம் 5:40, ஏற்றம் 11:50. 8 மணி வரை கரைக்காற்று, மணிக்கு 5 கி.மீ. 10:30க்கு மேல் கடற்காற்று, 20 கி.மீ. இறங்க ஏற்ற நேரம் 7:15 முதல் 9:30 வரை, வடக்குத் திட்டில். லாங்போர்டு, அல்லது மிதப்பு அதிகமுள்ள தடித்த போர்டு. 10 மணிக்கு மேல் கரையடியில் அறையும், குழந்தைகள் கவனம். ஞாயிறு: வேண்டாம். ஸ்வெல் 8 நொடிக்கு இறங்குகிறது, விடியலிலேயே கடலிலிருந்து கரைக்குக் காற்று. ஸ்வெல் உறுதி, காற்று பாதி உறுதி."

"வேண்டாம்" என்ற சொல்லை எழுதத் தயங்காதீர்கள். காரணத்தோடு வரும் "வேண்டாம்" சனிக்கிழமைக்குச் சொன்ன "7:15"ஐ நம்பவைக்கும்.

கடைசியாக ஒன்று. அறிவிப்புக்கு அடியில் மறுநாள் நடந்ததையும் பதியுங்கள்: அலை எந்த நீர்மட்டத்தில் உடையத் தொடங்கியது, எப்போது நின்றது, காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது, முன்பக்க உயரம் எவ்வளவு. நான்கே தகவல்கள். உங்கள் மாதிரி இந்தக் கரைக்கு எப்போதும் கூட்டிச் சொல்கிறதா, குறைத்துச் சொல்கிறதா, எந்தத் திசை ஸ்வெல்லில் அதிகம் தவறுகிறது என்பது ஒரு பருவப் பதிவிலேயே தெரிந்துவிடும். அடுத்த கோடை முடிவதற்குள் அந்தத் திருத்தத்தை எண்ணில் சேர்த்துவிடலாம். நீரில் இறங்குபவர்கள் அந்த நான்கையும் தினமும் பார்க்கிறோம். எழுதி அனுப்ப ஓர் இடம் மட்டும் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
சிறிய அலைக் கரைகளில் அலைச்சறுக்குவோர்