சோடா விளம்பரம் இருக்கட்டும், இண்டென்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிக்கெட் ஒளிபரப்பின் நடுவே வரும் சோடா, குடிநீர் விளம்பரங்கள் எல்லாம் வேஷம் போட்ட மது விளம்பரங்கள்தான், அரசு அவற்றை உடனே நிறுத்த வேண்டும் என்று தங்கள் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பீர் பாட்டில் எப்படி விற்கிறது என்ற கணக்கில் அந்த சோடா விளம்பரத்துக்குக் கடைசி இடம்தான். முதல் இடம் இண்டென்டுக்கு, அதாவது கம்பெனிகளுக்கு டாஸ்மாக் கொடுக்கும் கொள்முதல் ஆர்டருக்கு. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்றிலும் ஒரு பீர் கம்பெனிக்காக விற்பனைப் பிரதிநிதியாக அலைந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். (எங்கள் சொந்தபந்தத்தில் இன்றுவரை நான் ‘கூல்டிரிங்ஸ் கம்பெனி’க்காரன்தான். தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா அப்படித்தான் சொல்லி வைத்தார். மறைமுக விளம்பரம் எனக்குப் புதிதில்லை.)

2003 நவம்பர் வரை தமிழ்நாட்டில் மதுக் கடைகள் தனியார் கையில் இருந்தன. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக், மொத்த விற்பனையோடு நின்றிருந்தது. அப்போது எங்களுக்கு வேலை முழுக்கக் கடையில்தான். கம்பெனி செலவில் கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றை இறக்குவோம். அதில் வேறு பிராண்ட் வைக்கக் கூடாது என்று பேச்சு. மறுவாரம் போனால் மேல் தட்டில் போட்டிக் கம்பெனி பாட்டில்கள் எங்கள் கரண்டில் சுகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். சண்டை போட முடியாது, ஆர்டர் போய்விடும். அண்ணாச்சி பேச்சுக் கொடுக்கும்போதே அவற்றைக் கீழ்த் தட்டுக்கு இறக்கி, நம் பாட்டில்களைக் கண் மட்டத்தில் வைத்து, லேபிள் வெளியே தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். உற்பத்தி மாதம் பார்த்து, பழைய சரக்கை முன்னால் தள்ள வேண்டும். பீருக்கு ஆயுள் ஆறு மாதம் என்று லேபிள் சொல்லும். தகரக் கூரை குடோனில் அக்னி நட்சத்திர வெயிலைத் தாங்கிய கேஸுக்கு அதுவும் கிடையாது. திறந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். அதைக் குடித்தவர் குடோனையா திட்டுவார்? பிராண்டைத்தான் திட்டுவார்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது “கூலிங் இருக்கா?” என்றுதான். பிராண்ட் பெயர் அதற்கு அப்புறம். அவர் கேட்ட பெயர் கூலிங்கில் இல்லை, பக்கத்துப் பெயர் இருக்கிறது என்றால் பத்தில் எட்டுப் பேர் பக்கத்துப் பெயரை வாங்கிக்கொண்டு போவார்கள். கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த விளம்பரம் அந்த ஒரு ஃப்ரிட்ஜ் தட்டில் தோற்றுப் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2003-க்குப் பிறகு சில்லறையும் டாஸ்மாக்கிடம் போனது. கள்ளச் சாராயம், கலப்படம், வரி ஏய்ப்பு என்று அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுக்குள் நான் போகவில்லை. வியாபாரத்தில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன். மொத்த விற்பனை டாஸ்மாக் வழியாகப் போனாலும் ஆயிரக்கணக்கான கடை முதலாளிகளைப் பிடித்தே விற்பனையை ஓட்டிய கம்பெனிகளுக்கு ஒரே நாளில் ஒரே வாடிக்கையாளர் என்றானது. கடையில் சலுகை ஸ்கீம் கிடையாது, விலைப் போட்டி கிடையாது. எந்த பிராண்ட் எத்தனை கேஸ் டிப்போவுக்கு (டாஸ்மாக் கிடங்குக்கு) வருகிறது, டிப்போவிலிருந்து எந்தக் கடைக்குப் போகிறது என்பதுதான் எல்லாம். எங்கள் கம்பெனிக் கூட்டங்களில் பேச்சே மாறிவிட்டது. முன்பு “கஸ்டமர் என்ன கேட்கிறான்?” என்பார்கள். பிறகு “இண்டென்டில் நம் பெயர் இருக்கா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போகப் போகிறவரை எதற்காகக் கவர வேண்டும்?

வித்தியாசத்தைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். கடலூரிலிருந்து தென்பெண்ணைப் பாலம் தாண்டி முள்ளோடை வரை போனால் போதும். அது புதுச்சேரி எல்லை. அங்கே தனியார் கடைகள். வாசலில் விளக்குப் போட்ட பெயர்ப்பலகை, உள்ளே கம்பெனிக்கு ஒன்றாக ஃப்ரிட்ஜ், கோதுமை பீர் முதல் வெளிநாட்டு டின் வரை வரிசையாக நிற்கும். பிடிக்காத சரக்கைக் கடைக்காரர் இரண்டாம் முறை வாங்க மாட்டார், பிரதிநிதி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். விலையும் குறைவு. அதனால்தான் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் பைக் டேங்க் கவரைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே டிவி, ஒரே சோடா விளம்பரம். விற்கும் விதம்தான் வேறு.

விளம்பரத் தடை என்ன செய்தது என்பதும் வேடிக்கையான கதை. கேபிள் டிவி விதிகளில் மது விளம்பரத்துக்கு 2000-இல் தடை வந்தது. கிங்ஃபிஷர் பீர்க்காரர்கள் 2003-இல் காலண்டர் போட்டார்கள், 2005-இல் பாட்டிலில் இருக்கும் அதே மீன்கொத்திப் பறவையை விமானத்தின் வாலில் ஏற்றினார்கள். பீருக்குப் பறக்கும் விளம்பரம் என்று அப்போது எங்கள் துறையில் பேசாதவர் இல்லை. போட்டிக் கம்பெனி ஆட்களான எங்களுக்கு வயிற்றெரிச்சல்தான், நம்மால் ஒரு மினி பஸ்கூட விட முடியவில்லையே என்று. 2012-இல் விமானம் நின்றது. 2016-இல் வங்கிகள் அந்த விமான நிறுவனத்தின் பெயரையும் சின்னங்களையும் 366.70 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்து ஏலம் விட்டன, ஒருவரும் கேட்கவில்லை. பீர் பாட்டிலில் அந்தப் பறவை மட்டும் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. பீர் கம்பெனி தனி, அது 2021-இல் நெதர்லாந்தின் ஹெய்னிகன் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டது. ஆக, தடையால் விற்பனை குறையவில்லை. புதிதாக வர நினைக்கும் சின்னக் கம்பெனிக்குத்தான் வாய் அடைத்தது. ஏற்கெனவே ஊரறிந்த பெயருக்கு ஒரு சோடா பாட்டில் போதும். பெயரே தெரியாதவன் சோடாவைக் காட்டி எதை ஞாபகப்படுத்துவான்?

ஒற்றை வாடிக்கையாளர் முன்னால் கம்பெனிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பதிவான சாட்சியம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் இந்தியப் போட்டி ஆணையம், கிங்ஃபிஷர் பீர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்துக்குச் சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்குச் சுமார் 121 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இன்னொரு பெரிய கம்பெனியான ஏபி இன்பெவ் முதலில் போய் உண்மையைச் சொன்னதால் தப்பியது. குற்றச்சாட்டு என்னவென்றால், மாநில அரசுகளிடம் என்ன விலை கேட்பது என்று போட்டியாளர்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள் என்பது. 2009-இலிருந்து பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. தீர்ப்பில் வரும் இடங்களில் புதுச்சேரியும் ஒன்று, அதனால் தனியார் கடை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. விலையை அரசுதான் முடிவு செய்யும் என்றால் கம்பெனிகள் சரக்கில் போட்டி போடுவதை விட்டு, விலை கேட்கும் மனுவில் கூட்டுச் சேரும் என்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் தெலங்கானா அரசு மதுக் கழகத்துக்கு பீர் அனுப்புவதை யுனைடெட் புரூவரீஸ் நிறுத்தியது. 2019-20-க்குப் பிறகு விலையை உயர்த்தவில்லை, பாக்கியும் நிற்கிறது என்றது கம்பெனி. இரண்டு வாரத்துக்குள் சப்ளை திரும்ப ஆரம்பித்தது, பிப்ரவரியில் அங்கே அடிப்படை விலை 15 சதவீதம் ஏறியது. ஒரே வாங்குபவர், ஒரே பெரிய விற்பவர். இந்த இழுபறியில் குடிப்பவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

ஸ்ட்ராங் பீர் பற்றியும் ஒரு வார்த்தை. 5 சதவீதத்துக்கு மேல் 8 வரை ஆல்கஹால் உள்ளதை உணவுப் பாதுகாப்பு விதிகள் ஸ்ட்ராங் என்கின்றன. இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி அதுதான். நம் ஆட்களுக்கு ருசி தெரியாது என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அபத்தம். லைட்டும் ஸ்ட்ராங்கும் அதே 650 மில்லி பாட்டில், விலையில் பெரிய வித்தியாசமில்லை. நாள் கூலி வாங்கும் கொத்தனார் எதை எடுப்பார்? ஹேவர்ட்ஸ் 5000 என்ற ஸ்ட்ராங் பீரில் அந்த ஐயாயிரம் எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. “ஒரு 5000 கொடு” என்பதோடு சரி. வரியை ஆல்கஹால் அளவுக்குத் தக்கபடி கட்டியிருந்தால், லைட் விலை இறங்கி, ஸ்ட்ராங் தானாகப் பின்வாங்கியிருக்கும். குடியைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சோடாவைத் தடுப்பதை விட இதைக் கேட்கலாம்.

எனவே தங்கள் தலையங்கத்தின் கோரிக்கையோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். டாஸ்மாக் ஒவ்வொரு மாதமும் எந்த பிராண்டில் எத்தனை கேஸ் வாங்கியது, எந்த டிப்போவுக்கு எவ்வளவு போனது, எந்தக் கணக்கை வைத்து ஆர்டர் கொடுத்தது என்பதை இணையதளத்தில் போடட்டும். கடை வாசலில் தொங்கும் விலைப்பட்டியலில் இருப்பையும் உற்பத்தி மாதத்தையும் எழுதட்டும். “பீர் குடிப்பவனுக்கு என்ன உரிமை?” என்று சிலர் சிரிப்பார்கள். அந்த நிறுவனம் மக்கள் சொத்து, குடிக்காதவர்களுக்கும் அதன் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டு. கோடைக்கான ஆர்டர் பேச்சு பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். அதற்குள் இதைச் செய்தால் இந்த வெயிலுக்கே உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விற்பனைப் பிரதிநிதி,
மஞ்சக்குப்பம், கடலூர்.